கையளவு ரயில் நிலையம்: மீண்டு வரும் விரல்களுக்கு ஒரு பணி

பக்கவாதத்திற்குப் பின் மறுவாழ்வுப் பிரிவுக்கு வருவோரில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், இந்தக் கை இனி எதற்குப் பயன்படும்?" மீண்டும் நடக்க முடியுமா என்பதற்குப் பெரும்பாலும் சில வாரங்களிலேயே ஓரளவு விடை தெரியத் தொடங்கிவிடுகிறது. கையைப் பற்றிய கேள்வியோ மாதக்கணக்கில் நீடிக்கிறது. பயிற்சிக்காகத் தரப்படும் மரக்கட்டைகளையும் குமிழ்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றி வைப்பது பயனுள்ள பயிற்சியே. ஆயினும் நூறாவது முறை அதைச் செய்து முடித்த பின்னரும் மேசையின் மேல் அதே கட்டைகளே இருக்கும். செய்ததற்கு அடையாளமாக ஏதேனும் ஒன்று எஞ்சுமாயின், அடுத்த நாளும் பயிற்சிக்கு உட்காரும் மனம் எளிதில் வரும்.

அவ்வாறு எஞ்சக்கூடிய பணி ஒன்றை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது. சிற்றுருவ ரயில் பாதையின் ஓரத்தில் நிற்கும் கட்டடங்களை அட்டையாலும் மரச்சீவலாலும் நாமே அளந்து, வெட்டி, ஒட்டிக் கட்டி, அவற்றின் உள்ளே விளக்கேற்றுவதே அப்பணி. கடையில் கிடைக்கும் ஆயத்தத் தொகுப்பை வாங்கிப் பொருத்துவது இதில் சேராது. சுவர், கதவு, சாளரம், ஓடு ஆகிய அனைத்தும் நம் கையிலிருந்தே உருவாக வேண்டும். ரயில் வண்டி வாங்குவது கூட இன்றியமையாததன்று. ஒரு நிலையக் கட்டடம் மட்டுமே போதும்.

இதில் ஈடுபட்ட பெரியோர்

இக்கலை பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வேரூன்றி வளர்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்னும் இளைஞர், வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பகுதியின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி வருவதைக் கண்டு வருந்தினார். அவை முற்றிலும் மறைவதற்குள் அட்டையில் அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று முனைந்தார். அம்முயற்சியே ஆக்ஸ்போர்ட்ஷயரின் லாங் விட்டன்ஹாம் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1920களையும் 1930களையும் சேர்ந்த அந்நாட்டுப்புறத்தை, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் அங்கே இன்றும் காணலாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட், ஒளியமைப்பால் புகழ்பெற்றது. அங்கே ஒரு முழு நாள் 15 நிமிடங்களில் கடந்துவிடுகிறது. கூடத்தின் விளக்குகள் மெல்ல மங்க, சிற்றுருவ வீடுகளின் சாளரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. பகலில் வெறும் அட்டையாகத் தோன்றும் வீடு, விளக்கு எரிந்ததும் யாரோ குடியிருக்கும் இல்லமாகிவிடுகிறது.

மூன்றாமவர் ராக் இசைப் பாடகர் ராட் ஸ்டூவர்ட். 1940களின் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றைத் தம் லாஸ் ஏஞ்சலிஸ் இல்லத்தில் ஏறத்தாழ 23 ஆண்டுகளில் உருவாக்கி, 2019இல் வெளியுலகுக்குக் காட்டினார். இசைப் பயணங்களின்போது விடுதியில் தனி அறை ஒன்றைக் கேட்டுப் பெற்று, கட்டில்களை அகற்றச் செய்து, காற்றோட்டத்திற்கு மின்விசிறிகளையும் வைக்கச் சொல்லிக் கட்டடங்களை உருவாக்கினார். கட்டடப் பணியில் பெரும்பகுதியைத் தாமே செய்த அவர், மின்னிணைப்புப் பணியைப் பிறரிடம் ஒப்படைத்தார். காற்றோட்டம், பணிப் பகிர்வு என்னும் இவ்விரண்டும் நமக்கும் தேவையானவை. அவற்றைப் பின்னர் காண்போம்.

கைக்கு என்ன பயன்?

பக்கவாதத்திற்குப் பின் மூளை தன் நரம்பிணைப்புகளை ஓரளவு மாற்றியமைத்துக்கொள்ள வல்லது. அதற்குத் துணை செய்வது, நோக்கத்தோடு திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல். ஓர் ஓட்டுக் கூரைக்குப் பல பட்டைகள் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பற்ற வேண்டும். மணிக்கட்டு நிலையாக நிற்க வேண்டும். பசை பிடிக்கும்வரை அழுத்தம் மாறாதிருக்க வேண்டும். பின்னர் விரல்கள் விடுவிக்க வேண்டும். பற்றுவதைவிட விடுவிப்பதே பக்கவாத நோயாளிகள் பலருக்குக் கடினம் என்பதைக் குடும்பத்தினர் கவனித்திருப்பீர்கள். கூரை முடியும்போது அப்பயிற்சி கணக்குப் பார்க்காமலே பலமுறை நடந்திருக்கும்.

பாதிக்கப்பட்ட கையால் தொடக்கத்திலேயே வெட்டவோ ஒட்டவோ முயல வேண்டாம். முதலில் அது பிடிக்கும் கையாக, அட்டையை அசையாமல் அழுத்தும் கையாக இருக்கட்டும். அட்டைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாது. துணிக்கு மாட்டும் கிளிப்புகள், ஒட்டிய பகுதிகளைப் பிடித்துக்கொள்ளும் மூன்றாவது கையாக உதவும். அக்கிளிப்பை அழுத்தித் திறப்பதே நல்ல விரல் பயிற்சி.

நடுக்குவாதம் உள்ளவர்கள், மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்து அமர வேண்டும். முன்கைகள் இரண்டும் மேசையில் ஊன்றியிருந்தால் விரல்கள் நிலைபெறும். எந்நோயாளியாயினும் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து, கண்களுக்கும் கழுத்துக்கும் ஓய்வு தருவது நன்று. இப்பணியின் சிறப்பு, எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதே. பாதி ஒட்டிய சுவர் நாளை வரை காத்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது மருந்தன்று, இயன்முறை மருத்துவத்திற்கோ ஆக்குபேஷனல் தெரபிக்கோ மாற்றும் அன்று. அவற்றுடன் சேர்த்துச் செய்யத்தக்க பணி.

அளவும் கட்டுமானமும்

உலகில் மிகுதியாகக் கையாளப்படும் அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. உண்மையில் 87 மில்லிமீட்டர் உள்ளது, சிற்றுருவில் 1 மில்லிமீட்டராகும். ஆறடிக்குச் சற்றுக் குறைவான மனிதர் 20 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கு இது மிகச் சிறிது. அவர்கள் 1:43.5 என்னும் அளவை எடுத்துக்கொள்ளலாம். எச்.ஓ. என்பதே அந்த ஓ அளவில் பாதி என்னும் பொருளுடையது. ஆகவே கீழ்வரும் அளவுகளை இரட்டிப்பாக்கினால் போதும்.

ஓட்டுக் கூரையும் இரு அறைகளும் கொண்ட சிறு நிலையம் ஒன்றைக் கொள்வோம். ஓர் அறை நிலைய அதிபருக்கு. மற்றொன்று பயணிகள் காத்திருக்க. கட்டடம் 9 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் உடையதாயின், சிற்றுருவில் 103 மில்லிமீட்டர் நீளமும் 52 மில்லிமீட்டர் அகலமும் வரும். 3.6 மீட்டர் சுவர் 41 மில்லிமீட்டர், 2.1 மீட்டர் கதவு 24 மில்லிமீட்டர், 1.2 மீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சாளரம் 14க்கு 10 மில்லிமீட்டர். கட்டடம் முழுவதும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சுவருக்கு நோட்டுப் புத்தகத்தின் தடித்த பின்னட்டை ஏற்றது. நான்கு சுவர்களையும் வரைந்து, சாளரங்களையும் கதவுகளையும் முதலில் வெட்டி எடுத்த பின்னரே சுவர்களைத் தனியே பிரிக்க வேண்டும். சுவர் தனியான பிறகு துளை வெட்டினால் ஓரங்கள் வளையும். கத்தியை ஒரே முறை அழுத்தி இழுக்காமல், இரும்பு அளவுகோலை ஒட்டி ஐந்தாறு முறை மெல்ல இழுப்பதே சரியான முறை. வெட்டும் நேராக வரும், விரலும் தப்பும்.

பழைய கட்டடங்களின் சுவர் ஓர் அடிக்கு மேல் தடிமன் உடையது. சிற்றுருவில் அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் அட்டையில் வெட்டிய சாளரம் காகிதத்தில் வரைந்ததுபோல் தட்டையாகத் தெரிவதன் காரணம் இதுவே. சாளரத் துளையின் உட்புறத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளை ஒட்டினால் சுவருக்கு ஆழம் கிடைக்கும். திருமண அழைப்பிதழ் அட்டையில் சாளரச் சட்டங்களும் கதவுப் பலகைகளும் செய்யலாம். சட்டைப் பெட்டியின் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் கண்ணாடியாகும். தென்னை ஈர்க்கு வராந்தாத் தூணாகவும், ஐஸ்கிரீம் குச்சி பெஞ்சாகவும் மாறும்.

ஓட்டுக் கூரைக்கு, தடித்த காகிதத்தை 5 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பில் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு கீறல்கள் இட வேண்டும். கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் சிறிது ஏறுமாறு ஒட்ட வேண்டும். உண்மையான ஓடும் மழைநீர் வழிந்தோட அவ்வாறே வேயப்படுகிறது. செங்காவி வண்ணத்தை ஒரே நிறமாகப் பூசாமல், இடையிடையே சற்றுக் கருமையாகவும் சற்று வெளிறியும் தீட்டினால் பல மழைக்காலம் கண்ட கூரையாகத் தோன்றும். நடுங்கும் கையால் ஒட்டிய பட்டைகள் சிறிது கோணலாகும். பழைய ஓட்டுக் கூரைகளும் அப்படித்தான் இருக்கின்றன.

விளக்கேற்றுதல்

முற்காலத்தில் இதற்குக் கோதுமை மணி அளவிலான இழை பல்புகளைப் பயன்படுத்தினர், அவை சூடாகும். இன்று எல்.இ.டி. விளக்குகள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. நீலம் கலந்த வெண்மையைத் தவிர்த்து, மஞ்சள் சாயலுள்ள வெண்மையைத் தேர்ந்தெடுங்கள். கம்பி இணைக்கப்பட்டே விற்கும் விளக்குகளை வாங்கினால் சால்டரிங் செய்யும் தேவை இராது.

மின்சாரத்திற்கு மூன்று பென்சில் செல்கள் போதும், சேர்த்தால் 4.5 வோல்ட். இவ்விளக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 1.5 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடையை விளக்குடன் வரிசையில் இணைக்க வேண்டும்; தடையின்றி நேரே இணைத்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் மிகுந்து விளக்கு கெட்டுவிடலாம். 1,000 ஓம் தடை இட்டால் 1.5 மில்லி ஆம்பியர் மட்டுமே பாயும். இது குறைவெனத் தோன்றலாம். ஆனால் கையளவு அறைக்கு அதுவே நிறைவு. மிகுதியான ஒளி அறையைத் திரையரங்கின் வாயில்போல் ஆக்கிவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனித் தடை வேண்டும். விளக்கின் நீண்ட கால் நேர்மின் முனைக்குச் செல்ல வேண்டும். மாற்றி இணைத்தால் எரியாது. வாங்கும்போது விளக்குடன் தடை ஏற்கெனவே இணைந்துள்ளதா, எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதன்முறை விளக்கேற்றுவோர் பலரும் வியக்கும் ஒன்று உண்டு: சாளரம் மட்டுமன்றிச் சுவரே ஒளிரும். அட்டை ஒளியைக் கசியவிடுவதே காரணம். கூரை மூடுமுன் உட்சுவர் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசி, காய்ந்தபின் அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். கறுப்பு கசிவைத் தடுக்கும். வெள்ளை ஒளியைப் பரப்பும். மூலைகளில் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டுவதும் நன்று.

இரு அறைகளுக்கும் இடையே ஒரு தடுப்பு வைத்து, ஓர் அறையில் மட்டும் விளக்கேற்றிப் பாருங்கள். எல்லாச் சாளரங்களும் ஒளிரும் கட்டடத்தைவிட, ஒன்று ஒளிர்ந்து மற்றொன்று இருண்டிருக்கும் கட்டடமே உயிருள்ளதாகத் தோன்றும். சாளரத்தின் பின்னே பட்டர் பேப்பர் ஒட்டினால் ஒளி மென்மையாகும். உள்ளிருக்கும் கம்பிகளும் தெரியா. கூரையை நிலையாக ஒட்டாமல் கழற்றி மாட்டும் வகையில் அமைத்தால் பழுது பார்ப்பது எளிது.

யார் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் உட்கொள்வோர்: சிறு வெட்டும் நீண்ட நேரம் கசியலாம். தூய துணியால் இடைவிடாமல் 10 நிமிடங்கள் அழுத்துங்கள். அதன்பின்னும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு வர வேண்டும். இப்பணிக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. வெட்டும் வேலையை மற்றொருவர் செய்து கொடுப்பதே மேல்.

ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளோர்: சால்டரிங் செய்யும்போது பைன் மரப் பிசினிலிருந்து எழும் புகையும், உடனே ஒட்டும் பசையின் ஆவியும் ஆஸ்துமாவைத் தூண்டவல்லவை என்பது தொழிற்சாலைப் பணியாளர்களிடம் நன்கு அறியப்பட்ட உண்மை. நீரில் கரையும் வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள். சாளரங்களைத் திறந்து வையுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதைத் தவிருங்கள்.

நீரிழிவால் உணர்வு குறைந்தோர்: விரலில் சூடு உறைக்காது. சூடான பசைத் துப்பாக்கியும் சால்டரிங் கருவியும் உங்களுக்கு ஏற்றவை அல்ல. கத்தி நழுவிக் காலில் விழக்கூடும்; மூடிய காலணி அணிந்தே அமருங்கள்.

டயாலிசிஸ் பெறுவோர்: ஃபிஸ்டுலா உள்ள கையை மேசை விளிம்பில் அழுத்தி ஊன்ற வேண்டாம். கத்தியும் அக்கையின் பக்கம் வரலாகாது.

புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பாற்றல் குறைந்தோர்: மண், பாசி, காய்ந்த இலை, சுள்ளி ஆகியவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கும். மரம் செடிகளுக்கு அவற்றைச் சேகரிக்காமல், பஞ்சுநுரைத் துண்டுகளுக்குப் பச்சை வண்ணம் ஏற்றிப் பயன்படுத்துங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியோர்: கூரையை மாட்ட வலிமையான சிறு காந்தங்களைச் சிலர் பயன்படுத்துவர். நீங்கள் அவற்றைத் தவிர்த்து அட்டை நாக்குகளைப் பயன்படுத்துங்கள்.

கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், கண் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீடுகள்: இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பொத்தான் வடிவ லித்தியம் செல்களை இப்பணிக்கு வாங்கவே வேண்டாம். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், உடலின் ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, 2 மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை ஏற்படுத்தும். விளக்கு எரிக்க வலுவற்றதாகிவிட்ட பழைய செல்லும் இத்தீங்கைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிகளுக்காகக் காத்திராமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். சிறு காந்தங்களும் அவ்வாறே ஆபத்தானவை. பென்சில் செல்களையும் திருகாணியால் மூடும் பெட்டியில் வையுங்கள். வீட்டு மின்சாரத்தில் நேரே எரியும் சீரியல் பல்புகளை அட்டைக் கட்டடத்தினுள் வைப்பது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

உடனிருப்போருக்கு

உங்கள் பங்கு இரண்டு. கத்தியும் கம்பியும் உங்கள் பொறுப்பு. இரண்டாவது, செய்யாமலிருப்பது, அதுதான் கடினம். ஒரு சாளரத்தைப் பொருத்த அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நம் கை தானாகவே நீளும். நீட்டாதீர்கள். அவர் உதவி கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டாலும் அந்த ஒரு செயலுக்கு மட்டும் உதவி, மீண்டும் அவர் கையிலேயே கொடுங்கள். அவர் உறங்கிய பின் கோணலான கதவை நேராக்கி வைக்க வேண்டாம். மறுநாள் காலையில் அவர் அதைக் கண்டுகொள்வார். தம் கை செய்தது போதவில்லை என்றே அதற்குப் பொருள் கொள்வார்.

நேரமும் அளவோடு இருக்கட்டும். முதல் வாரம் நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் போதும். சோர்வு, தோள்வலி, எரிச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். நாட்டமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். தையலோ பூத்தொடுத்தலோ கோலமோ அவருக்கு இதைவிடப் பொருந்தலாம். விருப்பமான பணி என்பதே இதில் முதல் தகுதி. வார்டில் தங்கியிருப்போர் கத்தியின்றி, முன்பே வெட்டிய துண்டுகளை மடித்து ஒட்டலாம். செவிலியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடமும் ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடமும் ஒருமுறை பேசுங்கள். எந்தக் கைக்கு எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்த அளவிலான கட்டடம் என்பதை அவர்கள் வரையறுத்துக் கொடுப்பார்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன், செய்து முடித்த ஒரு சுவரையும் எடுத்து வாருங்கள். விரல்களின் பிடியைப் பற்றி எங்கள் கருவிகள் காட்டும் எண்களுடன், அச்சுவரில் உள்ள சாளரத்தின் விளிம்புகளையும் பார்த்தே அடுத்த மாதப் பயிற்சியை முடிவு செய்ய இயலும்.